மண் காக்கும் வெட்டிவேர்

தாய்மொழி, பண்பாடு, பெற்றோர் கடமை என்பன பற்றிய கட்டுரைகள் நிறைந்திருக்கும் இம்மலரிலே நாம் ஒரு புல்லைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அப்புல்லின் பெயர் வெட்டிவேர். கோயிலிலே இறைவனுக்குச் சாத்தும் மாலையாகவும், கோடையிலே குடிநீர்ப் பானையில் இடும் நறுமண வேராகவும், சித்த மருத்துவரின் கடைச் சரக்காகவும் எம் முன்னோர் அறிந்திருந்த அதே வெட்டிவேர்தான். இன்று அது வெப்ப வலய நாடுகள் பலவற்றிலே, மழைநீர் அரித்துச் செல்லும் மண்ணைத் தடுத்து நிறுத்தும் உயிர்வேலியாக நடப்படுகின்றது. நாம் வாழும் குயின்ஸ்லாந்து மாநிலமும் அவ்விடங்களுள் ஒன்று. கடந்த சில ஆண்டுகளாக எமது வீட்டுப் பின்வளவிலும் அவ்வேலி நிற்கின்றது. அதனை நட்ட வரலாற்றையும், அதனால் நாமும் எம் பிள்ளைகளும் கற்றுக்கொண்டவற்றையும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையுடன் இங்கே தருகின்றோம்.

சரிவு நிலமும் பெருமழையும்

பிறிஸ்பேன் நகரின் மேற்குப் புறத்திலே சிறு குன்றொன்றின் சரிவில் எமது வீடு அமைந்துள்ளது. யாழ்ப்பாணத்துச் சமதரையிலே பிறந்து வளர்ந்த எமக்குச் சரிவு நிலம் புதியது. அங்கே மழைநீர் விழுந்த இடத்திலே தேங்கி, மெல்லச் சுண்ணக்கல்லினூடாக இறங்கிக் கிணற்றைச் சேரும். இங்கே விழுந்த நீர் ஒரு கணமும் நில்லாது ஓடும். எமது பின்வளவு மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைவரை ஏறத்தாழ 4 மீற்றர் தாழ்ந்து செல்கின்றது. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு முதியவர், நடுவே நாம். மேல் வீட்டுக் கூரையில் விழும் நீர் எம் வளவினூடாகவே முதியவரின் வளவுக்குச் செல்ல வேண்டும்.

2022 பெப்ரவரி மாத இறுதியில் பெய்த பெருமழையை இந்நகரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். மூன்று நாட்களுக்குள் 600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை கொட்டியது. யாழ்ப்பாணத்திலே ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, மூன்றே நாட்களில் வந்து சேர்ந்தது எனலாம். மழை ஓய்ந்தபின் பின்கதவைத் திறந்து பார்த்தபோது புல்தரை கிழிந்து கிடந்தது. முழங்கை ஆழத்துக்கு மூன்று வாய்க்கால்கள் வெட்டுண்டிருந்தன. அவற்றிலிருந்த மேல்மண் அத்தனையும் கீழ் வளவிலே முதியவரின் காய்கறிப் பாத்திகளின் மேல் சேறாகப் படிந்திருந்தது. தம் மனைவி காலமானபின் அவருக்கு அப்பாத்திகளே நாளாந்தத் துணை என்பதை நாம் அறிவோம்.

அன்று மாலையே குடும்பமாக மண்வெட்டிகளுடன் சென்று அச்சேற்றை அள்ளிக் கொடுத்தோம். ஆனால் அடுத்த மழைக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது. மண்தாங்கு சுவர் கட்டலாம் என்றால், விசாரித்த இடமெல்லாம் கேட்ட தொகை எம் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கக்கூடியதாக இருந்தது. சுவர் இல்லையெனில், ஒவ்வொரு மழைக்காலத்திலும் அயலவர் முகத்தைப் பார்க்கக் கூசும் நிலை. அயலோடு ஒத்து வாழ்தல் புலம்பெயர்ந்த எமக்கு எத்துணை அவசியம் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரு சொல்லின் பயணம்

வழியைக் காட்டியவர் அம்முதியவரே. இளமையிலே வட குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டப் பகுதிகளில் வேலை செய்தவர் அவர். ஒரு ஞாயிறு மாலை எம் வீட்டுப் படிக்கட்டில் அமர்ந்து தேநீர் அருந்தியபடி, வடக்கே வாய்க்கால் கரைகளை அறுத்துச் செல்லாமல் காக்க ஒரு புல்லை வரிசையாக நடுவார்கள் என்றும், அது எம் சரிவுக்கும் பொருந்தும் என்றும் சொன்னார். அதன் பெயரை அவர் ஆங்கில ஒலியில் இரண்டு முறை சொன்னபோது, உள்ளேயிருந்த அம்மம்மா எழுந்து வந்தார்.

“என்ன பிள்ளை, இவர் வெட்டிவேரையோ சொல்லுறார்?” என்று கேட்டார்.

ஆம், வெட்டிவேரையேதான் அவர் சொன்னார். வெட்டியெடுக்கப்படும் வேர் என்ற பொருளில் எம்மவர் இட்ட பெயர், பிரெஞ்சு மொழிக்குச் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் பரவியது. கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறியதுபோல் இதுவும் ஏறியது. தாவரவியலாளர் நீண்ட காலம் இப்புல்லை ‘வெட்டிவேரியா’ என்ற இனப்பெயராலேயே குறித்தனர். 1999 இல் வேறொரு புல்லினத்துடன் இணைக்கப்பட்டு, இன்று அது ‘கிரைசோபோகன் சிசானியோய்டஸ்’ என வழங்கப்படுகின்றது. எனினும் உலகெங்கும் விவசாயிகளும் பொறியியலாளரும் அழைப்பது எமது தமிழ்ப் பெயரைத் தழுவிய பெயராலேயே.

இதனை அறிந்தபோது எம் மூத்த மகள், “அப்படியானால் எங்கள் சொல்லை அவர் எங்களுக்கே கற்றுத் தந்தாரா?” என்று கேட்டாள். அதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல் எம்முடையதாயினும், அப்புல்லைக் கொண்டு சரிவு நிலத்தைக் காக்கும் அறிவு அவரிடமே இருந்தது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் அவ்வறிவு எமக்குத் தேவைப்பட்டதில்லை. நல்லறிவை யார் தந்தாலும் நன்றியுடன் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

மண் எவ்வாறு போகின்றது?

மாணவர்களே, ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். ஒரு ஹெக்டேயர் நிலம் 10,000 சதுர மீற்றர். அதிலிருந்து ஒரே ஒரு மில்லிமீற்றர் கனமான மண் கழுவப்பட்டால் 10 கன மீற்றர் மண் போய்விடும். நிறையிலே அது 10 தொன்னுக்கு மேல் வரும். ஒரு மில்லிமீற்றர் இழப்பைக் கண்ணால் காண இயலாது. கமக்காரன் அறியாமலே தோட்டம் மெலிந்துகொண்டு போகும். இயற்கை ஓர் அங்குல மேல்மண்ணை ஆக்குவதற்கோ பல நூற்றாண்டுகள் வேண்டும்.

பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் வந்து தரையை மோதுகின்றது. மூடியில்லாத மண்ணை அது சிதறடிக்கின்றது. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைக்க, நீர் உள்ளிறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்குகின்றது. சரிவிலே ஓடும் நீர் ஒன்றுசேர்ந்து வேகம் கொள்கின்றது. வேகம் கூடக் கூட அது சுமக்கும் மண்ணின் அளவு பன்மடங்காகப் பெருகுகின்றது. ஆகவே மண்ணைக் காப்பதற்கு இரண்டு காரியங்கள் செய்யவேண்டும்: துளியின் அடியிலிருந்து தரையை மூடி வைத்தல், ஓடும் நீரின் வேகத்தைத் தணித்தல். வெட்டிவேர் வேலி செய்வது இந்த இரண்டாவது வேலையை.

இம்மண் எங்கே போகின்றது என்பதும் எண்ணத்தக்கது. எம் வளவிலிருந்து கழுவப்பட்ட சேறு முதியவரின் பாத்தியோடு நின்றுவிடவில்லை. ஓடையூடாகப் பிறிஸ்பேன் ஆற்றையும், ஆற்றினூடாக மோர்ட்டன் குடாவையும் அது சேர்கின்றது. குடாவிலே நீர் கலங்கினால் கடற்புற்களுக்குச் சூரிய ஒளி கிடைப்பதில்லை. அப்புற்களை உண்டு வாழும் கடற்பசுக்கள் பசியால் வாடுகின்றன. வடக்கே ஆறுகள் கொண்டுசெல்லும் சேறு பெரும் பவளத்திட்டையே பாதிக்கின்றது.

வேரும் தண்டும் செய்யும் வேலை

வெட்டிவேரின் சிறப்பு அதன் வேரின் போக்கிலே உள்ளது. பெரும்பாலான புற்களின் வேர்கள் மேலாகப் பக்கங்களில் பரவும். வெட்டிவேரோ நேரே கீழ்நோக்கி இறங்கும். நல்ல மண்ணும் வெப்பமும் கிடைத்தால் முதல் ஆண்டிலேயே 3 மீற்றர் ஆழத்தையும் தாண்டும். இதனால் அருகிலுள்ள பயிரின் உணவை அது அதிகம் பறிப்பதில்லை. வேர்கள் மெல்லியனவாயினும் மிக உறுதியானவை. அவற்றின் இழுவைப் பலம், குறுக்குவெட்டுப் பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால், மென்னுருக்கின் பலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று பரிசோதனைகள் காட்டியுள்ளன.

தரைக்கு மேலே அதன் தண்டுகள் நெருங்கி, விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். ஓடிவரும் நீர் அவ்வரிசையில் மோதியதும் வேகம் இழந்து, வரிசையின் நீளமெங்கும் பரந்து, தண்டுகளின் இடையே மெல்ல வடிந்து செல்லும். சுமந்து வந்த மண் வேலியின் மேற்புறத்தில் படியும். மதில் நீரை மறித்து அதன் அமுக்கத்தைத் தானே தாங்கி நிற்க வேண்டியுள்ளது. இவ்வேலி நீரை விட்டு மண்ணை மட்டும் மறிக்கின்றது. படிந்த மண் உயர உயரப் புல்லும் தன் கணுக்களில் புதிய வேர்விட்டு உயர்கின்றது. இவ்வாறு சில ஆண்டுகளிலே சரிவு தானாகவே படிப்படியான தட்டுகளாக மாறிவிடுகின்றது.

இந்நாட்டவர் வெளிநாட்டுத் தாவரம் என்றாலே அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் குயின்ஸ்லாந்தின் பரந்த நிலங்களை மூடிக் கமக்காரரை விரட்டியது. 1926 இல் அதனை உண்ணும் ஓர் அந்துப்பூச்சி கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே அத்தொல்லை அடங்கியது. வெட்டிவேரிலும் இரு வகைகள் உள்ளன. வட இந்திய வகை முளைக்கும் விதைகளைத் தரும். தென்னிந்திய வகை பூத்தாலும் அதன் விதை முளைப்பதில்லை. அது நிலத்தடித் தண்டுகளால் பரவுவதுமில்லை; நட்ட இடத்திலேயே நிற்கும். குயின்ஸ்லாந்து அரச ஆய்வாளராகப் பணியாற்றிய கலாநிதி போல் ட்ருவொங் போன்றோரின் முயற்சியால், மொண்டோ என்ற ஊரின் பெயரைத் தாங்கிய முளைக்காத வகை ஒன்று இங்கே சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மரபணு ஆய்வுகளின்படி அதுவும் தென்னிந்திய வகையே.

விதையில்லாத புல் எவ்வாறு உலகெங்கும் பரவியது? ஒவ்வொரு தூரையும் மனிதர் கையால் பிரித்து, மற்றொரு மனிதரின் கையில் கொடுத்ததனாலேயே பரவியது.

பிஜித் தீவும் குண்டுலுப்பேட்டையும்

இம்முறையின் அண்மைக்கால வரலாறு பிஜித் தீவிலே தொடங்குகின்றது. 1950களில் அங்கே கரும்புச் செய்கை சமவெளியிலிருந்து மலைச்சரிவுகளுக்கு ஏறியபோது மண்ணரிப்புப் பெரும் பிரச்சினையாயிற்று. அவ்வேளை ஜோன் கிறீன்பீல்ட் என்பவர் சரிவுகளிலே வெட்டிவேர் வரிசைகளை நடுவித்தார். பிஜியின் கரும்புத் தோட்டங்கள் எமக்கு அந்நியமானவையல்ல. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழரும் அத்தோட்டங்களிலே உழைத்தனர்.

1980களில் உலக வங்கியின் சார்பில் இந்தியாவில் பணிபுரிந்த ரிச்சர்ட் கிறிம்ஷோவும் கிறீன்பீல்டும் மண்ணரிப்பைத் தடுக்க மலிவான வழியொன்றைத் தேடினர். செலவு மிகுந்த மண் அணைகள் சில மழைகளிலேயே உடைந்து போவதை அவர்கள் கண்டிருந்தனர். மைசூருக்குத் தெற்கே, நீலகிரிக்குச் செல்லும் பாதையிலுள்ள குண்டுலுப்பேட்டைப் பகுதியிலே அவர்கள் கண்ட காட்சி மறுமொழியாக அமைந்தது. அங்குள்ள விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வயல் எல்லைகளில் வெட்டிவேரை வரிசையாக நட்டு வந்திருந்தனர். எவரும் புத்தகம் எழுதிக் கற்பிக்காத அறிவு அது. அதன்பின் 1987 இல் விவசாயிகளுக்கான சிறு கைநூலொன்று வெளிவந்தது. 1991 முதல் தாய்லாந்தின் மன்னர் பூமிபோல் தம் நாட்டிலே இம்முறையைப் பரப்பினார். 1993 இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் இப்புல்லைப் பற்றித் தனி நூலே வெளியிட்டது. இன்று நெடுஞ்சாலைச் சரிவுகள், ஆற்றங்கரைகள், சுரங்கக் கழிவு மேடுகள் எனப் பல இடங்களில் இதனைக் காணலாம்.

நாம் நட்ட முறை

2022 ஒக்ரோபரில், வெப்பமும் மழையும் தொடங்கும் காலத்தில், நாம் நடுகையை ஆரம்பித்தோம். முதலில் செய்யவேண்டியது சமவுயரக் கோட்டை அறிதல். ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைக்கும் கோடே சமவுயரக் கோடு. புவியியல் பாடத்திலே படத்தில் மட்டும் பார்த்த அக்கோட்டைப் பிள்ளைகள் தம் கைகளாலேயே தரையில் வரைந்தனர்.

அதற்கான கருவியை எவரும் வீட்டிலே செய்யலாம். ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான இரு தடிகளின் மேல் நுனிகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகற்றி, நடுவிலே குறுக்குச் சட்டம் ஒன்றைப் பொருத்த வேண்டும். உச்சியிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். இரு கால்களையும் தரையில் ஊன்றி, நூல் குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தில் அடையாளம் இட வேண்டும். பின்னர் கால்களை இடம் மாற்றி அதே இரு புள்ளிகளில் ஊன்றி, மீண்டும் அடையாளம் இட வேண்டும். இரு அடையாளங்களுக்கும் நடுப்புள்ளியிலே நூல் நிற்கும்போதெல்லாம் இரு கால்களும் சமவுயரத்தில் உள்ளன என்பது பொருள். அவ்வாறு ஒரு காலை ஊன்றி, மறு காலைச் சுழற்றி நட்டு, முளைக்குச்சி அடித்துக்கொண்டே சென்றால் கோடு தானாக விரியும். எம் மகன் இதனை இரண்டு மணித்தியாலத்தில் கற்றுக்கொண்டான். மின்கருவி எதுவும் தேவைப்படவில்லை.

நிலம் ஏறத்தாழ ஒரு மீற்றர் தாழும் இடந்தோறும் ஒரு வரிசை என மூன்று வரிசைகள் குறித்தோம். எம் வளவின் அகலம் 18 மீற்றர். நாற்றுக்கு நாற்று 15 சென்ரிமீற்றர் இடைவெளி. எத்தனை நாற்றுகள் தேவைப்பட்டன என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். விடை 360. ஒவ்வொரு நாற்றிலும் இரண்டு மூன்று தண்டுகள் இருக்கும்படி தூர்களைப் பிரித்து, இலையை ஒரு சாண் அளவுக்கும் வேரை நான்கு விரல் அளவுக்கும் கத்தரித்து நட்டோம். நெல் நாற்று நட்ட அனுபவமுள்ள அம்மம்மா நாற்காலியில் அமர்ந்தபடியே, “இன்னும் கொஞ்சம் ஆழமாய் வை, மண்ணை இறுக்கி மிதி” என்று பணித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஆண்டே சோதனைக் காலம். மழை பொய்த்த வாரங்களில் நீர் ஊற்ற வேண்டும். களை மூடாமல் பார்க்க வேண்டும். பட்டுப்போன நாற்றுகளின் இடத்தில் புதியன வைக்க வேண்டும். ஓர் இடைவெளி விட்டாலும் நீர் அதனையே வாயிலாகக் கொள்ளும். இலைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தூர் வெடித்துப் பெருகும். வெட்டிய இலைகளை நாம் தரை மூடியாகப் பரப்பினோம். மழைத்துளியின் அடியிலிருந்து மண்ணைக் காக்கும் முதலாவது வேலையும் அதனால் நிறைவேறியது.

எல்லை வேலியும் மண் வேலியும்

வேலி என்றதும் எம்மவர் மனத்தில் எழுவது எல்லைதான். கிடுகு வேலி, கிளுவை வேலி, பூவரசு வேலி என எத்தனை வகைகள் எம் ஊரிலே இருந்தன! அவற்றை ஒரு சாண் நகர்த்தியதற்காக ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த உறவினர்களும், வழக்குப் பேச நீதிமன்றப் படியேறிய குடும்பங்களும் உண்டு. அவ்வேலிகள் என் நிலம், உன் நிலம் என்று பிரித்து நிற்பன.

வெட்டிவேர் வேலியோ எல்லையைப் பார்ப்பதில்லை. அது சமவுயரக் கோட்டையே பார்க்கின்றது. எமது மேல் வரிசையின் கோடு, மேல் வீட்டாரின் வளவுக்குள் வளைந்து நுழைந்தது. நாம் எல்லையோடு நிறுத்திவிட்டால் அவர்களது வளவிலிருந்து வரும் நீர் வேலியின் முனையைச் சுற்றிக்கொண்டு ஓடும். எனவே அவர்களின் இசைவு தேவைப்பட்டது. முதலில் அவர்கள் தயங்கினர். புல்லிலே பாம்பு வருமோ, வளவெங்கும் பரவுமோ என்று வினவினர். கீழ் வளவு முதியவரே எம்முடன் மேலே வந்து, வடக்கிலே தாம் கண்டவற்றை அவர்களுக்கு விளக்கினார். அதன்பின் அவர்களின் வளவில் 4 மீற்றர் நீளத்துக்கு நட அனுமதித்ததோடு, கூரை நீரைக் குழாய் வழியாக வீதி வடிகாலுக்குத் திருப்பவும் முன்வந்தனர். மூன்று வீட்டாரும் ஒரே சனிக்கிழமையில் ஒரே வரிசையில் குனிந்து நின்று நாற்று நட்டோம். ஆறு ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தும் அதுவரை ஒருவர் பெயரை ஒருவர் சரியாக அறிந்திருக்கவில்லை.

மழை வைத்த பரீட்சை

2025 மார்ச் மாதத்திலே ‘அல்பிரட்’ புயல் வலுவிழந்து பிறிஸ்பேன் கரையைக் கடந்தது. ஒரே நாளில் நகரிலே 270 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. அன்றிரவு எம் வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு சென்று பார்த்தபோது, ஒவ்வொரு வரிசையின் பின்னும் நீர் அகன்ற தகடாகத் தேங்கி, தண்டுகளூடே மெல்லக் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கால் எதுவும் வெட்டுப்படவில்லை. கீழ் வளவுக்குச் சென்ற நீர் பெரிதும் தெளிந்திருந்தது. விடிந்தபின் அளந்து பார்த்ததில், நட்ட நாள்முதல் நடு வரிசையின் பின்னே ஒரு சாண் உயரத்துக்கு மண் சேர்ந்திருந்தது. அவ்வளவும் இல்லாவிடில் முதியவரின் பாத்திகளுக்குச் சென்றிருக்கவேண்டிய மண்.

எனினும் எல்லாம் வெற்றி என்று சொல்வதற்கில்லை. கீழ் வரிசையின் மேற்கு முனையிலே பெரிய மரமொன்றின் நிழல் விழுகின்றது. வெட்டிவேருக்கு நிழல் ஆகாது. அங்கே நாற்றுகள் நலிந்து, இடைவெளி விழுந்து, அவ்வழியே சிறிது மண் நழுவியது. மரத்தை வெட்ட எவருக்கும் மனமில்லை. நிழலைத் தாங்கும் ‘லொமண்ட்ரா’ என்ற இந்நாட்டுத் தாவரத்தை அவ்விடத்தில் நட்டோம். இப்பகுதியின் ஓடைக்கரைகளிலே இயல்பாக வளர்ந்து மண்ணைப் பிடித்து நிற்பது அது. வெட்டிவேரும் லொமண்ட்ராவும் இன்று ஒரே வரிசையில் நிற்கின்றன.

மலையகத்தை எண்ணும்போது

சரிவு நிலமும் மழையும் என்றதும் இலங்கை மலையகத்து எம் உறவுகளை எண்ணாதிருக்க இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் அம்மலைகளின் காடுகள் அழிக்கப்பட்டன. மூடியிழந்த மண் மழையோடு ஆறுகளில் இறங்கியது. தோட்டத்து மண்ணைக் காக்கச் சரிவின் குறுக்கே கான் வெட்டியவர்கள் எம் தமிழ்த் தொழிலாளரே. பள்ளிப் படிப்பு மறுக்கப்பட்ட அவர்கள், நீரின் போக்கைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர். இலங்கையின் மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இல் இயற்றப்பட்டது. மண்ணைக் காத்த அம்மக்களுக்குக் காணி உரிமையோ அதற்குப் பின்னரும் நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்து வந்துள்ளது.

2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு, கேரளத்தின் மூணாறை அடுத்த பெட்டிமுடியிலே தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டனர். வெட்டிவேரை நட்டிருந்தால் இவை நிகழ்ந்திரா என்று எவரும் கூறினால் அது பொறுப்பற்ற பேச்சாகும். புல்லின் வேர் சில மீற்றர் ஆழம்வரையே மண்ணைப் பிணைக்கும். மேற்பரப்பு அரிப்பையும் சிறு சரிவுகளையும் அது தடுக்கும். மலையின் ஆழத்தில் நீர் ஊறி, முழுச் சரிவே பெயரும்போது புல் அதனைத் தாங்காது. அத்தகைய இடத்திலே நீரை வடியச் செய்யும் பொறியியலும், எல்லாவற்றுக்கும் மேலாக மக்களைப் பாதுகாப்பான நிலத்தில் குடியமர்த்துதலும் வேண்டும். ஒரு மருந்தின் பயனை அறிந்தவர் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மற்றொரு செய்தியும் கூறவேண்டும். வாசனைத் தைலத்துக்காக வெட்டிவேர் வளர்க்கும் நாடுகளுள் ஹெய்ட்டி முதன்மையானது. அங்கே செங்குத்தான சரிவுகளிலும் வேரைத் தோண்டி எடுப்பதால் மண் தளர்ந்து கழுவப்படுகின்றது. ஒரே புல், நிலைத்து நின்றால் மண்ணைக் காக்கின்றது. தோண்டப்பட்டால் மண் போக வழிசெய்கின்றது. வறுமையுற்ற விவசாயியைக் குறைகூறுவதால் பயனில்லை. சமதரையிலே தைலத்துக்கு வளர்த்தலும், சரிவிலே வேலியாக விட்டுவிடுதலும் என இரண்டையும் பிரித்து வைப்பதே அறிவுடைமை.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும்

எம் வேலியின் ஓரத்தூர் ஒன்றைக் கடந்த ஆண்டு தோண்டி, வேரைக் கழுவி, அம்மம்மாவின் கையிலே கொடுத்தோம். அவர் அதனை முகர்ந்து, தம் தாயார் குடிநீர்ப் பானையிலே இட்ட வேர் முடிச்சைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். பிள்ளைகள் தமிழிலேயே கேள்விகள் கேட்டனர். அவர் தமிழிலேயே விடை கூறினார். ‘தூர்’, ‘நாற்று’, ‘வரம்பு’, ‘கான்’, ‘சாண்’ ஆகிய சொற்கள் பாடப் புத்தகத்திலிருந்து அவர்களுக்கு வந்தவையல்ல. கையிலே மண் படிந்திருந்தபோது வந்தவை. ஆதலின் அவை மறக்கப்படவில்லை.

பெற்றோர்களே, வாரத்தில் மூன்று மணித்தியாலம் பாடசாலை கற்பிக்கும் தமிழ், மற்ற நாட்களில் வீட்டிலே ஏதேனும் ஒரு வேலையோடு சேர வேண்டும். அது சமையலாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம், தையலாக இருக்கலாம். வேலையோடு பேசப்படும் மொழி பிள்ளைகளிடம் தங்கும்.

மாணவர்களே, அடுத்த மழை பெய்யும்போது யன்னலருகே நின்று உங்கள் வளவிலிருந்து ஓடும் நீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிந்திருந்தால் மகிழுங்கள். பழுப்பாக இருந்தால் அது எங்கிருந்து வருகின்றது, எங்கே போகின்றது என்று தேடிச் செல்லுங்கள்.

எம் வேலியில் தூர்கள் இப்போது நெருங்கிப் பெருகியுள்ளன. சரிவான வளவுள்ள குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க இவ்வாண்டு விழாவன்று நாற்றுக் கட்டுகளைப் பாடசாலை முற்றத்துக்குக் கொண்டுவருகின்றோம். நடுவதற்கு முன் உங்கள் உள்ளூராட்சிச் சபையிடம் விதிமுறைகளைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். வெயில் படும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அயலவரையும் அழைத்து நடுங்கள். ஈராண்டு கழித்து உங்கள் வேலியிலிருந்தும் ஒரு கட்டு நாற்று மற்றொருவர் கைக்குப் போகட்டும்.